‘செலக்ட் ஆயிட்டீங்க’ன்னு சொன்னதும் பேப்பர் போட்டுடாதீங்க!

இன்னைக்கு எஸ்ஐபி, டாக்ஸ் எதுவும் இல்ல. இன்டர்வியூல நாம இழக்கிற பணத்தைப் பத்திப் பேசலாம்.

2017. சிஏ முடிச்சு சென்னையில ஒரு ஆடிட் ஃபர்ம்ல வேலை பார்த்துட்டு இருந்தேன். பெங்களூருல இருந்து ஒரு கம்பெனி ஹெச்ஆர் கூப்பிட்டாங்க. “பட்ஜெட் 12 லட்சம் வரைக்கும் இருக்கு”ன்னு அவங்களே சொன்னாங்க. மொத்தம் அஞ்சு ரவுண்டு. அதுல ரெண்டு தடவை நேர்ல போகணும். நடுவுல ஒரு எக்செல் கேஸ் ஸ்டடி, ஒரு சனி ஞாயிறு முழுக்க அதுக்கே போச்சு.

கடைசி ரவுண்டுலதான் பே ஸ்லிப் கேட்டாங்க. பார்த்ததும் 12 லட்சம் 9 லட்சம் ஆயிடுச்சு. “உங்க இப்போதைய சம்பளத்துக்கு இதுவே நல்ல ஹைக்”னாங்க. அஞ்சு ரவுண்டு அலைஞ்ச களைப்புல நானும் சரின்னுட்டேன். “நோட்டீஸ் போட்டுடுங்க, திங்கட்கிழமை லெட்டர் வந்துடும்”னாங்க.

வீட்டுல சந்தோஷமா சொன்னேன். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “கைல காகிதம் வந்துச்சா?” அதனால ரிசைன் பண்ணாம காத்திருந்தேன். திங்கள் போச்சு. போன் எடுக்கல, மெயிலுக்குப் பதில் இல்ல. மூணு வாரம் கழிச்சு ஒரு வரி: “பொசிஷன் ஆன் ஹோல்ட்”.

இப்போ கணக்கு பார்ப்போம். வரி பிடிக்கிறதுக்கு முன்னாடி மாசம் 55,000 ரூபாய் என் கைக்கு வந்துட்டு இருந்துச்சு. 22 வேலை நாள்னா, ஒரு நாளைக்கு 2,500. மூணு நாள் லீவு 7,500, ரெண்டு ட்ரிப் செலவு 3,200. ஆக 10,700 ரூபாய். அப்பா பேச்சைக் கேட்காம ரிசைன் பண்ணி, மூணு மாசம் சும்மா இருந்திருந்தா 1,65,000 போயிருக்கும். வாடகையும் எஜுகேஷன் லோன் இஎம்ஐயும் நிக்காது.

அந்த 9 லட்சத்தையும் பிரிச்சுப் பார்த்தேன். பேசிக் 4.5 லட்சம். சிடிசி-க்குள்ளயே கம்பெனி பங்கு பிஎஃப் 12% 54,000, கிராஜுவிட்டி 4.81% 21,645, வேரியபிள் 90,000. மீதி 7,34,355. அதுல என் பங்கு பிஎஃப் 54,000 போனா, மாசம் கிட்டத்தட்ட 56,700. அதாவது, வெறும் 1,700 ரூபாய் கூடுதலுக்காக பெங்களூரு வாடகை கட்டப் போயிருப்பேன்!

கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு. திடீர்னு பட்ஜெட் நின்னு போகும். நாமளும் ஒரு ஆஃபரை வச்சு இன்னொரு ஆஃபர் வாங்கிட்டு, ஜாயின் பண்ற நாள்ல போனை ஆஃப் பண்றோம். ஆனா சம்பள வரம்பை முதல் போன்லயே சொல்றதுக்கும், ‘இல்லை’ன்னு ரெண்டு வரி மெயில் போடுறதுக்கும் என்ன செலவு? ஆள் எடுக்க ஆகுற செலவை கம்பெனி கணக்கு வைக்குது. நம்ம லீவும், வார இறுதியும் எந்தக் கணக்குலயும் வர்றதில்ல. அதை நாமதான் வைக்கணும்.

நான் சொல்றது நாலே விஷயம்:

1. எத்தனை ரவுண்டு, சம்பள வரம்பு என்ன? இதை முதல் போன்லயே கேளுங்க. கேட்கிறது தப்பே இல்ல.

2. சிடிசி-ல எவ்வளவு ஃபிக்ஸட், எவ்வளவு வேரியபிள்னு மெயில்ல வாங்குங்க. நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி பொதுவா 5 வருஷம் இருந்தாதான் கைக்கு வரும்.

3. சம்பளமும் ஜாயினிங் தேதியும் எழுதின லெட்டர் வந்து, நீங்க அதை ஏத்துக்கிட்ட பிறகுதான் ரிசைன் பண்ணணும். லெட்டர் வந்தும் கைவிரிக்கிற கம்பெனி உண்டு. ஆனா அப்போ உங்க கைல ஆதாரமாவது இருக்கும்.

4. வேலை தேட ஆரம்பிக்கும்போதே ஆறு மாசச் செலவுக்குப் பணம் தனியா இருக்கட்டும். அது இருந்தாதான் குறைச்ச சம்பளத்துக்கு ‘வேண்டாம்’னு சொல்ல தைரியம் வரும்.

அன்னைக்கு எனக்கு அந்தத் தைரியம் இல்ல. அப்பாவோட ஒரு கேள்விதான் காப்பாத்துச்சு. அடுத்த தடவை யாராவது ‘நோட்டீஸ் போட்டுடுங்க’ன்னா, நீங்களும் உங்களையே கேட்டுக்கோங்க: கைல காகிதம் வந்துச்சா?