நம் நிறத்தை நாமே கலப்போம்

பொம்மைக்குச் சாயம் தீட்டுங்கால், ‘தோல் நிறம்’ என வெளிர் சிவப்பையே பலர் நாடுகின்றனர். அஃது எவருடைய தோல்? அமெரிக்கக் கிரயோலா நிறுவனத்தார் அப்பெயருடைய மெழுகு வண்ணக்கோலுக்கு 1962இலேயே வேறு பெயர் சூட்டினர். கோத்தா கோலா மூடாவில் வாழும் நாமும் சிந்திப்போம்.

வினைல் பொம்மையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்துங்கள். அக்ரிலிக் சாயத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்து, சிறிது நீலம் சேர்த்தால் பழுப்பு பிறக்கும். வெள்ளை சேர்த்தால் வெளுக்கும். காய்ந்தபின் நிறம் சற்றுக் கருக்கும். ஆதலால், முதலில் காகிதத்தில் தடவி, காய்ந்தபின் கையோடு ஒப்பிடுங்கள். பிறகு மெல்லிய பூச்சாக இருமுறை பூசுங்கள்.

பெற்றோர்களே! ஆயத்தச் சாயம் வாங்குவதினும் இதுவே சிறந்தது. வெயிலில் உழைத்துக் கறுத்த தாயின் கையைப் பார்த்து நிறம் கலக்கும் குழந்தை, அந்நிறத்தை இழிவென எண்ணுமோ?