மண்புழு செத்தால் குடற்புழு சாகுமா?

பேச்சுத் தமிழில் ‘நாக்குப்பூச்சி’ என்னும் சொல் மண்ணில் நெளியும் புழுவையும் குறிக்கும். குழந்தையின் குடலில் வாழும் உருண்டைப்புழுவையும் குறிக்கும். உருவ ஒப்புமையால் ஒரு பெயர் இரண்டுக்கு வழங்குவது மொழியில் பிழையன்று. அவ்வொப்புமையே ஆய்வுமுறையாகிவிடுவதுதான் பிழை.

மூலிகைச் சாறுகளைப் புழுநீக்க மருந்துகளோடு ஒப்பிடும் இந்திய மருந்தியல் கட்டுரைகள் பல, ‘பெரிடிமா போஸ்துமா’ என்னும் மண்புழுவையே சோதனைக்குக் கொள்கின்றன. ஒரு தட்டில் குப்பைமேனியோ வாய்விளங்கமோ, மறுதட்டில் அல்பெண்டசோல். புழு செயலிழக்கவும் சாகவும் ஆகும் நிமிடங்கள் அளக்கப்படுகின்றன. மூலிகைத் தட்டில் முந்திச் செத்தால் மூலிகை வென்றதாக முடிவுரை எழுதப்படுகிறது.

மண்புழு வளையப்புழு இனம், ஒட்டுண்ணியன்று. ஈரத்தோலால் மூச்சுவிடும் அதனை உறைப்பான எச்சாறும் கொல்லக்கூடும். அல்பெண்டசோலோ குடற்புழுவின் டியூபுலின் புரதத்தைப் பற்றி, அது சர்க்கரையை ஏற்பதைத் தடுத்து, சில நாள்களில் மெல்லக் கொல்வது. நாள்கணக்கில் வேலை செய்யும் மருந்தை நிமிடக்கணக்கில் தோற்கடிப்பது ஒப்பீடாகாது.

இதன் விளைவு ஆய்வகத்தோடு நிற்பதில்லை. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015இல் தொடங்கியது. 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மாத்திரை தரப்படுகிறது. நெரிசலான குடியிருப்பும் பொதுக் கழிப்பறையுமாக வாழும் மும்பைத் தாராவியின் தமிழ்க் குழந்தைகளுக்கு அது வேண்டிய காப்பு. ‘மூலிகையே மேல்’ என்ற முடிவுரை செய்தியாகி அங்குச் சேர்ந்தால், மாத்திரையை மறுக்க ஒரு தாய்க்கு அறிவியலின் பெயராலேயே காரணம் கிடைத்துவிடும். இயற்கை என்பதாலேயே தீங்கற்றது என்றும் கொள்ளவியலாது. புழுக்கொல்லியாகப் பெயர்பெற்ற ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது; புற்றுநோயும் விளைப்பது.

மூலிகையைப் புறந்தள்ளுவது இதற்கு விடையன்று. பழஞ்சீன மருத்துவநூற் குறிப்பிலிருந்து மலேரியா மருந்தைக் கண்ட தூ யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். மரபைப் போற்றியதோடு நில்லாமல் நோயாளியிடத்தே சோதித்ததால் அது மருந்தாயிற்று.

அல்பெண்டசோலுக்கும் குறை உண்டு. 2008இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஒருவேளை மாத்திரை உருண்டைப்புழுத் தொற்றை 88 விழுக்காட்டினரிடமும், கொக்கிப்புழுவை 72 விழுக்காட்டினரிடமும் நீக்கியது. சாட்டைப்புழுவை 28 விழுக்காட்டினரிடம் மட்டுமே. மூலிகை ஆய்வு நுழைய வேண்டிய வாயில் இதுவே. அங்கே அளக்க வேண்டியது தட்டில் மண்புழு சாகும் நிமிடங்களை அன்று. தொற்றுற்றோரின் மலத்தில் புழு முட்டைகள் எவ்வளவு குறைந்தன, உண்டவர்க்குத் தீங்கு நேர்ந்ததா என்பவற்றை. அதுவரை ‘நிகரானது’ என்ற சொல்லை எழுத நெறியாளரும் மாணவரும் தயங்குவதே நேர்மை.