80,000 ஆண்டு என்று எழுதுவதற்கு முன்

2024 அக்டோபரில் மாலை நேர மேற்கு வானில் தெரிந்த சி/2023 ஏ3 வால்வெள்ளியைப் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் ஓர் எண் தவறாமல் இருந்தது: 80,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. செய்தியாளர்களை நொந்து பயனில்லை. எங்கோ ஒரு கணக்கிலிருந்து பிழை வரம்பு இல்லாமல் வெளியேறிய எண் அப்படியே தலைப்பில் ஏறிவிட்டது. அதே நாட்களில் யாரும் பார்க்கக்கூடியதாக இருந்த பாதைக் கூறுகளில் அதன் மையத்தொலைத்தகவு ஏறத்தாழ 1.0001. அது அதிபரவளையம், அதற்குச் சுற்றுக்காலமே கிடையாது. இரண்டு எண்களும் ஒரே வால்வெள்ளிக்குரியவை. இந்த முரணைப் பற்றி நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்?

நம் இதழுக்கு வரும் கட்டுரைகளிலும் இதே பழக்கம் தொடர்வதால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சூரியனிலிருந்து 1 வானியல் அலகு தொலைவில், பரவளையப் பாதையில் செல்லும் பொருளின் வேகம் நொடிக்கு 42.1 கி.மீ. சுற்றுக்காலம் 80,000 ஆண்டு என்றால் அரைநெட்டச்சு சுமார் 1,860 அலகு. அப்படிப்பட்ட வால்வெள்ளி அதே இடத்தைக் கடக்கும்போது அதன் வேகம் பரவளைய வேகத்தைவிட நொடிக்கு 6 மீட்டர்கூடக் குறைவாக இருக்காது. அரைநெட்டச்சு 10,000 அலகு, சுற்றுக்காலம் 10 லட்சம் ஆண்டு என்றால் வித்தியாசம் வெறும் 1 மீட்டர். 42 கிலோமீட்டரில் 1 மீட்டர்! இதற்கிடையே, பெரும்பாலும் வியாழனின் இழுப்பால், சூரியனே குடும்பத்தின் பொது நிறைமையத்தைச் சுற்றி நொடிக்குச் சுமார் 13 மீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. சூரியனை மையமாக வைத்து, ஏதோ ஒரு தேதிக்கு எழுதிய கூறுகளிலிருந்து சுற்றுக்காலத்தை எடுத்தால், அளப்பது வால்வெள்ளியையா சூரியனின் ஆட்டத்தையா என்பதே தெரியாது. தேதியை மாற்றினால் நீள்வட்டம் அதிபரவளையமாகும், மறுபடி நீள்வட்டமாகும்.

இது புதிய செய்தி அல்ல. அதிபரவளையம் என்று பட்டியலிட்டிருந்த வால்வெள்ளிகளைக் கோள்களின் எல்லைக்கு வெளியே வரை பின்னோக்கிக் கணக்கிட்டு, அவை நீள்வட்டத்தில்தான் வந்தன என்று ஸ்ட்ரோம்கிரென் 1914-லேயே காட்டிவிட்டார். 1950-இல் யான் ஊர்ட் கையில் இருந்தவை 19 வால்வெள்ளிகள் மட்டுமே. அவற்றின் கணப் பாதைகளை, அதாவது ஏதோ ஒரு தேதிக்கு எழுதியவற்றை, ஒதுக்கிவிட்டு, உள்ளே வருவதற்கு முந்தைய பாதைகளை எடுத்ததால்தான் சூரியக் குடும்பத்தைச் சூழ்ந்த மேகம் அவர் கண்ணில் பட்டது. கோள்கள் ஒரே வருகையில் அரைநெட்டச்சின் தலைகீழியை 0.0005 அளவுக்கு மாற்றிவிடக்கூடும். அந்த மேகத்திலிருந்து வருவனவற்றுக்குத் தலைகீழியின் மதிப்பே 0.0001-க்குக் கீழ்.

ஆகவே இனி இந்த இதழில் நீள்கால வால்வெள்ளிக்குச் சுற்றுக்காலம் மட்டும் தரும் கட்டுரை வெளிவராது. நிறைமையத்தை மையமாகக் கொண்டு, வருமுன் எப்படி, போனபின் எப்படி என்று இரண்டு தலைகீழி மதிப்புகள் வேண்டும். இரண்டுக்கும் பிழை வரம்பு வேண்டும். ஏன் தலைகீழி? ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: மதிப்பு 0.00005, பிழை 0.00002. நடு மதிப்பில் சுற்றுக்காலம் 28 லட்சம் ஆண்டு. ஒரு பக்கம் போனால் 17 லட்சம், மறுபக்கம் போனால் 61 லட்சம். இன்னும் கொஞ்சம் நகர்ந்து சுழியைத் தாண்டினால் சுற்றுக்காலம் என்ற சொல்லுக்கே பொருளில்லை. தலைகீழியில் பிழை இருபுறமும் சீராக நிற்கும், சுற்றுக்காலத்தில் நிற்காது. சென்னையில் பிறந்த வைணு பாப்பு 1949-இல் ஹார்வர்டில் போக், நியூகிர்க் ஆகியோருடன் சேர்ந்து கண்டுபிடித்த வால்வெள்ளிக்கும் 60,000 ஆண்டு என்ற எண்ணை எழுதிக்கொண்டே வருகிறோம். அதன் பக்கத்தில் பிழை வரம்பை நான் அச்சில் பார்த்ததில்லை.

இதைவிடச் சிக்கலானது ஈர்ப்பு சாரா விசை. பனிக்கட்டி ஆவியாகிப் பீறிடுவதால் வரும் உந்தலுக்கு 1973-இல் மார்ஸ்டன், செக்கனினா, யோமன்ஸ் தந்த வாய்பாட்டையே இன்றும் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். அது தண்ணீர்ப் பனிக்கு எழுதியது, 2.8 அலகு தொலைவுக்கு அப்பால் மதிப்பு சட்டென்று விழுந்துவிடும். கார்பன் மோனாக்சைடால் விழித்துக்கொண்ட வால்வெள்ளிக்கு அது பொருந்தாது. இந்த விசையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் தலைகீழி குறைவாகவே, சில சமயம் சுழிக்குக் கீழேயே வருகிறது. சேர்த்ததும் பல அதிபரவளையங்கள் நீள்வட்டமாகிவிடுகின்றன. வார்சாவில் குரோலிகோவ்ஸ்காவும் அவருடன் பணியாற்றுவோரும் வருமுன் பாதைக்கு அண்மைப்புள்ளிக்கு முந்தைய அளவீடுகளையும், போனபின் பாதைக்குப் பிந்தையவற்றையும் தனித்தனியே பொருத்திப் பார்ப்பது இதனால்தான். எல்லாவற்றையும் ஒரே பொருத்தலில் திணித்து எச்சம் சிறியதாக வந்துவிட்டது என்று மகிழ்வதைவிட இது நேர்மையான வழி என்பது என் கருத்து.

அப்படியானால், வால்வெள்ளி சூரியனிலிருந்து தொலைவில் இருக்கும்போதே எடுத்த அளவீடுகள்தான் பொன். சி/2023 ஏ3-ஐ 2023 ஜனவரி 9-இல் சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் ஆய்வகம் பதிவுசெய்தது. உறுதிப்படுத்தும் பட்டியலில் இருந்தும் யாரும் தொடர்ந்து பார்க்காததால் அது தொலைந்ததாக விடப்பட்டது. பிப்ரவரி 22-இல் தென் ஆப்பிரிக்காவிலுள்ள அட்லாஸ் தொலைநோக்கி மறுபடி பிடித்தது. சி/2013 ஏ1 செவ்வாயில் மோதக்கூடும் என்ற அச்சம் எழுந்தபோதும் 2012 டிசம்பரில் எடுத்த பழைய படங்கள்தான் அளவீட்டுக் காலத்தை நீட்டின. கடைசியில், மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியிருந்த 2014 அக்டோபரில், அந்த வால்வெள்ளி செவ்வாயிலிருந்து சுமார் 1,40,000 கி.மீ. தள்ளிக் கடந்தது.

தோட்டத்துத் தொலைநோக்கியிலிருந்து அளவீடு அனுப்புவோரிடம் ஒரு வேண்டுகோள். கையா விண்மீன் பட்டியல் வந்த பிறகு, பின்னணி விண்மீன்களின் இடத்தால் வரும் பிழை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. மிஞ்சுவது வால்வெள்ளியின் தலைதான். அகலமான வட்டம் போட்டு ஒளி மையத்தை எடுத்தால் அது வால் பக்கம் சாய்கிறது, அந்தச் சாய்வு ஈர்ப்பு சாரா விசையாக வேடமிட்டுக் கணக்கில் நுழைகிறது. வட்டத்தைச் சிறிதாக்குங்கள், எத்தனை பிக்சல் என்பதையும் எழுதி அனுப்புங்கள். 2031 ஜனவரியில் சுமார் 11 அலகு தொலைவில் அண்மைப்புள்ளியைத் தொடவிருக்கும் சி/2014 யூஎன்271-க்கான அளவீடுகளை இந்த முறையில் இப்போதிருந்தே பெற விரும்புகிறோம்.