குடிநோய்க்கு நம்பர் இருக்கு, காப்பீடு இல்லையா?

'குடிச்சவன்தானே, அனுபவிக்கட்டும்' என்பது ஊர்ப்பேச்சு. மருத்துவக் கணக்கில் அது நோய். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் குடிக்கு அடிமையாவது எஃப்10.2, நிறுத்தியதும் வரும் நடுக்கம், பதற்றம் எஃப்10.3, அதோடு மனக்குழப்பமும் சேர்ந்தால் எஃப்10.4.

சமயநல்லூர்க்காரர் ஒருவர் மதுரைத் தனியார் மருத்துவமனையில் சேர்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்த எண் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் க்ளைமை மறுக்கலாம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த விலக்குகளில் 12-வது, குடிப்பழக்கச் சிகிச்சை.

ஆனால் 2017 மனநலச் சட்டம் மதுவால் வரும் மனநலப் பாதிப்பையும் மனநோயில்தான் சேர்க்கிறது. உடல்நோய்க்குச் சமமான காப்பீடு தரணும் என்கிறது அதன் 21(4) பிரிவு.

இரண்டும் முட்டிக்கொள்ள, பில் குடும்பத்தின் தலையில் விழுகிறது. டாக்டரிடம் எண்ணை மாற்றச் சொன்னால் அடுத்த சிகிச்சையே தடம் மாறும். மாற வேண்டியது அந்த 12-வது விலக்குதான்.