மறுத்ததன் பெயர் பிடிவாதமா?

கிரேக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளராக 1991 முதல் 2013 வரை 22 ஆண்டுகள் பொறுப்பு வகித்த தோழர் அலெக்கா பாபரீகாவைப் பற்றி எழுத நேரும்போது முதலாளித்துவ ஏடுகள் இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்லும். அக்கட்சியின் தலைமைக்கு வந்த முதல் பெண்மணி அவர் என்பது ஒன்று. 2012ஆம் ஆண்டில் சிரிசா கூட்டணி நீட்டிய கரத்தைப் பற்ற மறுத்த பிடிவாதக்காரர் அவர் என்பது மற்றொன்று. முதலாளித்துவ ஏடுகள் இவ்வாறு எழுதுவதில் வியப்பில்லை. ஆனால், அன்று அவர் இசைந்திருந்தால் கிரேக்கத்தின் வரலாறே மாறியிருக்கும் என்று இடதுசாரி நண்பர்கள் சிலரும் ஏங்குகின்றனர். அந்த ஏக்கத்திற்கு அடிப்படை உண்டா என்று பார்ப்போம்.

பாபரீகா 1945 நவம்பரில் ஏதென்ஸ் நகரில் பிறந்தார். ஜெர்மன் ஆக்கிரமிப்புப் படை அந்நகரை விட்டு வெளியேறி ஓராண்டே ஆகியிருந்தது. நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட கம்யூனிஸ்டுகள் மீது உள்நாட்டு ஆளும் வர்க்கமும் பிரிட்டிஷ் படையும் துப்பாக்கியைத் திருப்பி ஓராண்டுகூட ஆகவில்லை. 1947இல் கட்சி தடை செய்யப்பட்டது. 1949இல் உள்நாட்டுப் போர் தோல்வியில் முடிந்தது. மக்ரோனிசோஸ் போன்ற தீவுகள் சிறைகளாயின. அந்தத் தடை 1974 வரை நீடித்தது. அதாவது, பாபரீகா அரசியலுக்கு வந்த காலத்தில் கம்யூனிஸ்டாக இருப்பதே குற்றம். வரலாறும் தொல்லியலும் பயின்ற அவர் 1961 முதல் அமைதி இயக்கத்திலும் மாணவர் இயக்கத்திலும் ஈடுபட்டார். 1967 ஏப்ரலில் இராணுவத் தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். அதற்கு மறு ஆண்டு, தலைமறைவாக இயங்கிய கட்சி இரண்டாகப் பிளந்த அதே 1968இல், அவர் உறுப்பினரானார். பதவி தேடுவோர் கட்சியில் சேரத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு அன்று அது.

'முதல் பெண்மணி' என்று வியப்போர் அவர் எந்தப் பாசறையில் வளர்ந்தவர் என்பதைச் சொல்வதில்லை. 1976இல் தோன்றிய கிரேக்க மகளிர் கூட்டமைப்பில் அவர் பல ஆண்டுகள் உழைத்தார். கிரேக்கப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றதே 1952இல்தான். வரதட்சணை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1983இல். பெண்கள் இயக்கத்தின் நெடிய போராட்டமே அதற்கு வழிவகுத்தது. 1978இல் மத்தியக் குழுவுக்கும், பின்னர் அரசியல் தலைமைக் குழுவுக்கும் அவரை உயர்த்தியது இந்த உழைப்பே.

1991 பிப்ரவரியில் அவர் பொதுச் செயலாளரானபோது சூழல் எவ்வாறு இருந்தது? அதே மாதத்தின் தொடக்கத்தில்தான், மேற்கு ஐரோப்பாவின் மிகப்பெரிய கம்யூனிஸ்ட் கட்சியான இத்தாலியக் கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. சோவியத் ஒன்றியத்தின் இறுதி மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கிரேக்கத்திலும் கட்சியைச் 'சினாஸ்பிஸ்மோஸ்' கூட்டணிக்குள் கரைத்துவிட வேண்டும் என்று மத்தியக் குழுவின் கிட்டத்தட்ட பாதிப்பேர் வாதிட்டனர். மிகக் குறுகிய பெரும்பான்மையில் தேர்வான பாபரீகா கட்சியைக் கரைக்க மறுத்தார். கரைக்க விரும்பியோர் வெளியேறினர். 1993 தேர்தலில் கட்சி நான்கரை விழுக்காடு வாக்குகளைப் பெற்று நிலைத்தது. வெளியேறியோரின் அணி 3 விழுக்காட்டைக்கூட எட்டாமல் நாடாளுமன்றத்திற்கு வெளியே நின்றது. அந்த அணியின் வழிவந்ததே பிற்காலச் சிரிசா.

இவ்விடத்தில் 1989ஆம் ஆண்டை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. அவ்வாண்டில் ஊழல் ஒழிப்பு என்ற முழக்கத்தை நம்பிய கம்யூனிஸ்ட் கட்சி, சினாஸ்பிஸ்மோஸ் வழியாக, வலதுசாரிப் 'புதிய ஜனநாயக'க் கட்சியோடு சேர்ந்து அரசு அமைத்தது. சில மாதங்களே நீடித்த அந்த உறவுக்குக் கட்சி கொடுத்த விலை பெரிது. இளைஞர் அமைப்பில் ஒரு பெரும்பகுதி பிரிந்து சென்றது. 1990இல் புதிய ஜனநாயகம் தனித்தே ஆட்சியைப் பிடித்தது. 2012இல் கட்சி காட்டிய எச்சரிக்கைக்குப் பின்னால் இந்தச் சூடுபட்ட அனுபவம் இருந்தது. வறட்டுக் கோட்பாட்டிலிருந்து பிறந்த எச்சரிக்கையாக அதைக் காண்போர் வரலாற்றின் ஓர் ஏட்டைக் கிழித்துவிட்டுப் படிக்கின்றனர்.

2010இல் நெருக்கடி வெடித்தது. 11,000 கோடி யூரோ 'மீட்பு நிதி' வந்தது. அதற்கு விதித்த நிபந்தனைகளின் தொகுப்பை 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்று நம் நாளேடுகள் மொழிபெயர்த்தன. ஒரு தரப்பு கட்டளையிட, மறுதரப்பு கையொப்பமிட்ட ஓர் ஆவணத்தில் யாருடைய உணர்வை யார் புரிந்துகொண்டார்? மீட்கப்பட்டது யார்? நிதியின் பெரும்பகுதி கடன் கொடுத்த வங்கிகளுக்கே திரும்பிச் சென்றது. 2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் 751 யூரோவிலிருந்து 586 யூரோவாக வெட்டப்பட்டது. 25 வயதுக்குட்பட்டோருக்கு வெட்டு 32 விழுக்காடு. 2013இல் வேலையின்மை 27 விழுக்காட்டையும், பெண்களிடையே 30 விழுக்காட்டையும் தாண்டியது. சொற்களைக் கவனியாமல் கடன் வாங்கினால், வட்டியாக நம் சிந்தனையைக் கட்ட நேரிடும்.

இனி 2012 மே தேர்தலுக்கு வருவோம். 300 இடங்களில் சிரிசாவுக்கு 52, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 26, ஜனநாயக இடதுசாரிக்கு 19. மூன்றையும் கூட்டினால் 97. பெரும்பான்மைக்கு வேண்டியவை 151. ஊதிய வெட்டில் கையொப்பமிட்ட பாசோக் கட்சியின் 41 இடங்களைச் சேர்த்தாலும் 138தான். 'இடதுசாரி அரசு' அமையவிடாமல் பாபரீகா தடுத்தார் என்போர் முதலில் இந்தக் கூட்டலைச் செய்து பார்க்க வேண்டும்.

மறுதரப்பின் வலுவான வாதம் வேறு. முதலிடம் பெறும் கட்சிக்கு 50 இடங்களைக் கூடுதலாக வழங்கியது கிரேக்கத் தேர்தல் சட்டம். ஜூன் மாத மறுதேர்தலில் இருவரும் ஒரே அணியாக நின்றிருந்தால் அந்த 50 இடங்களும் வந்திருக்கக் கூடுமே, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. தனித்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சியின் வாக்கு எட்டரை விழுக்காட்டிலிருந்து நான்கரையாகச் சரிந்தது. இடங்கள் 26இலிருந்து 12 ஆயின. இச்சரிவை மறைக்க வேண்டியதில்லை. மறுப்பதற்கு விலை உண்டு. அந்த விலை என்னவென்று தெரிந்தே கட்சி அதைச் செலுத்தியது.

ஆனால் தூற்றுவதற்குக் களத்தில் இருக்கும் நெல் நம்முடையதாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் இருந்துகொண்டே, கடன் கொடுத்தோரின் இசைவோடு சிக்கனக் கொடுமையை ஒழிக்கலாம் என்றது சிரிசா. அது முடியாதென்றார் பாபரீகா. வாதத்திற்குத் தீர்ப்பு 2015இல் வந்தது. 50 இடங்களின் சலுகையோடு 149 இடங்களை வென்ற சிரிசா, வலதுசாரிச் 'சுதந்திர கிரேக்கர்' கட்சியோடு அரசு அமைத்தது. ஜூலை 5 பொதுவாக்கெடுப்பில் மக்களில் 61 விழுக்காட்டினர் 'இல்லை' என்றனர். எட்டே நாட்களில் சிப்ராஸ் மூன்றாம் ஒப்பந்தத்திற்கு இசைந்தார். 14 வட்டார விமான நிலையங்கள் ஜெர்மன் நிறுவனம் தலைமையிலான குழுமத்திற்குச் சென்றன. பிரேயஸ் துறைமுகத்தின் பெரும்பான்மைப் பங்கும் விற்கப்பட்டது. 2018 ஜனவரியில், அடிப்படைத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிப்பதைக் கடினமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியதும் இந்த 'இடதுசாரி' அரசே. வலதுசாரிகள் செய்யத் தயங்கியதை இடதுசாரிப் பெயரால் செய்து முடித்தபின், 2019இல் வலதுசாரிகளிடமே ஆட்சி திரும்பியது. 2023இல் சிரிசா தனக்குத் தேர்ந்துகொண்ட தலைவர் கோல்ட்மேன் சாக்ஸில் பணியாற்றியவர். கிரேக்கக் கடனை ஒப்பனை செய்து மறைக்க உதவியது அதே நிறுவனம்.

பாபரீகாவின் கட்சி அழிந்ததா? 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அது 9 விழுக்காட்டுக்கு மேல் பெற்றது. துறைமுகங்களிலும் ஆலைகளிலும் 1999இல் உருவான 'பாமே' தொழிற்சங்க முன்னணியோடு அது நிற்கிறது. யாரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பது பாசிஸ்டுகளுக்கும் தெரிந்திருந்தது. 2012 ஜூனில், நேரலைத் தொலைக்காட்சி விவாதத்தில் 'தங்க விடியல்' கட்சியின் காசிடியாரிஸ் கன்னத்தில் அறைந்தது கம்யூனிஸ்ட் நாடாளுமன்ற உறுப்பினர் லியானா கானெல்லியை. 2020இல் நீதிமன்றம் அந்தக் கட்சியைக் குற்றவாளி அமைப்பு என்று தீர்ப்பளித்தது.

ஆட்சிப் பொறுப்பை ஏற்பதே பிழை என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். 1957இலேயே கேரளத்தில் பொறுப்பேற்று நிலச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மரபு நம்முடையது. கிரேக்கத் தோழர்களின் முடிவுகள் அனைத்தும் நமக்குப் பொருந்த வேண்டியதுமில்லை. ஆயினும் அரசில் சேருமாறு எவர் அழைத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் பொதுவானவை: எந்தத் திட்டத்திற்காக? எந்த வர்க்கத்தின் வலிமையைத் துணைக்கொண்டு? கையொப்பமிடும் நாளில் பேனாவைக் கீழே வைக்கும் துணிவு நமக்கு இருக்குமா? இக்கேள்விகளை 2012இல் உரக்கக் கேட்டவரைப் பிடிவாதக்காரர் என்றனர். அவற்றைக் கேட்காமல் ஆட்சியேறியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தனர் என்பதைக் கிரேக்கத் தொழிலாளியின் ஊதியச் சீட்டு இன்றும் சொல்கிறது.