பெயர் கேட்காத கேள்விக்கு மட்டும் பிள்ளைகள் உண்மை சொல்வது ஏன்? கொரியப் பள்ளிகள் காட்டும் பாடம்

நம் வீடுகளில் கொரியாவைத் தெரியாதவர்கள் குறைவு. தோட்டத்துப் பாட்டி முதல் படிவம் மூன்று படிக்கும் பேத்தி வரை கொரிய நாடகம் பார்க்கிறார்கள். அந்த நாடகங்களில் வரும் பள்ளிச் சீருடையும் இரவு நேர டியூஷனும் வகுப்பறைப் பகடிவதையும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். அந்தச் சீருடைக்குள் இருக்கும் உண்மையான பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதை தென் கொரிய அரசாங்கம் 2005-ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் அவர்களிடமே கேட்டு வருகிறது.

நாடு முழுவதும் சுமார் 800 நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏறக்குறைய 60,000 மாணவர்கள் இதில் பங்கெடுக்கிறார்கள். அவர்கள் தங்கள் பள்ளியில் அமர்ந்து, திரையில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சிகரெட் பிடித்தாயா? மது அருந்தினாயா? காலையில் சாப்பிட்டாயா? எத்தனை மணி நேரம் தூங்கினாய்? கடந்த 12 மாதங்களில், தொடர்ந்து இரண்டு வாரங்கள் அன்றாட வேலையே ஓடாத அளவுக்குத் துக்கமோ விரக்தியோ உனக்கு இருந்ததா? உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்தாயா?

எல்லாவற்றையும் கேட்கும் அந்தத் திரை, பெயரை மட்டும் கேட்பதில்லை.

நல்ல செய்தியும் கவலையும்

இந்த ஆய்வில் நல்ல செய்தி இருக்கிறது. 2005-இல் 100 மாணவர்களில் ஏறக்குறைய 12 பேர் புகைபிடித்தார்கள். இப்போது அது நான்குக்கும் கீழே வந்துவிட்டது. அன்று 100-க்கு 27 பேர் மது அருந்தினார்கள். 2024-இல் சுமார் 10 பேர்தான்.

ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் சொல்கிறது. பத்தில் நான்கு பிள்ளைகள் வாரத்தில் பெரும்பாலான நாள்கள் காலை உணவு இல்லாமல் பள்ளிக்குப் போகிறார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல் அந்த இரண்டு வாரத் துக்கத்தைக் கடந்து வந்திருக்கிறார்கள். பையன்களைவிடப் பெண் பிள்ளைகளிடம் இது கூடுதலாக உள்ளது. 2011-ஆம் ஆண்டிலிருந்து 9 முதல் 24 வயது வரையிலான கொரிய இளையோரின் மரணத்திற்கு முதல் காரணம் தற்கொலைதான். சாலை விபத்தோ நோயோ அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

புகையும் மதுவும் குறைந்திருக்கின்றன. மனத்தின் பாரம் குறையவில்லை. பொருளாதாரத்தில் உச்சத்தில் இருக்கும் ஒரு நாட்டில் இந்த நிலை என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

தாதியருக்கு இதில் என்ன வேலை?

நம் பள்ளிகளுக்குத் தாதியர் தடுப்பூசி போட வருவார்கள், போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கொரியாவில் அப்படி இல்லை. அங்கே பள்ளிக்குள்ளேயே ஒரு சுகாதார அறை உண்டு. அதில் இருக்கும் சுகாதார ஆசிரியர் தாதியர் படிப்பை முடித்து, ஆசிரியர் தகுதியும் பெற்றவர். 36 அல்லது அதற்கு மேற்பட்ட வகுப்புகள் உள்ள பெரிய பள்ளிகளில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்று 2021-இல் சட்டத்தையே திருத்தினார்கள்.

தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகள் வருவது அந்த அறைக்குத்தான். வயிற்றுவலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் மோப்பம் பிடிப்பவரும் அந்தத் தாதிதான். அதனால்தான் கொரியப் பல்கலைக்கழகங்களின் தாதியர் துறைகள் இளையோர் நலத்தை விடாமல் ஆராய்கின்றன. அரசாங்கத்தின் ஆண்டு ஆய்வு விவரங்கள் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. தூக்கத்துக்கும் கைப்பேசிக்கும் என்ன தொடர்பு, காலை உணவுக்கும் மனச்சோர்வுக்கும் என்ன தொடர்பு என்றெல்லாம் அவர்கள் அலசுகிறார்கள்.

இங்கேதான் ஓர் அறச்சிக்கல் எழுகிறது.

இரண்டு கேள்வித்தாள்கள்

பெயர் இல்லாத ஆய்வில் ஒரு பிள்ளை "சாக வேண்டும் போலிருக்கிறது" என்று பதில் அளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆராய்ச்சியாளர் அதைப் படிக்கிறார். அந்தப் பிள்ளை யார், எந்த ஊர், எந்த வகுப்பு என்று தேடிப் போக வழியில்லை. படித்தவர் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

இந்தக் குறையைத் தீர்க்கவே இன்னொரு சோதனையும் பள்ளிகளில் நடக்கிறது. அது மாணவர்களின் மனநிலையையும் நடத்தையையும் கண்டறியும் பரிசோதனை. தொடக்கப்பள்ளியில் முதலாம், நான்காம் ஆண்டிலும், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளின் முதல் ஆண்டிலும் இதை நடத்துகிறார்கள். இதில் யார் பதில் சொன்னது என்று பள்ளிக்குத் தெரியும். ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடித்து ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அனுப்பலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பெயர் தெரியும் என்றதும் பல பிள்ளைகள் "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுகிறார்கள் என்பது கொரியாவில் நெடுநாளாகச் சொல்லப்படும் குறை. ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், அம்மாவுக்குக் கடிதம் போகும், நண்பர்கள் கேலி செய்வார்கள் என்று பயம். அப்படியே ஒரு பிள்ளை உண்மையைச் சொன்னாலும் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். "என் பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று மறுத்துவிடும் பெற்றோர் அங்கேயும் இருக்கிறார்கள்.

ஆக, ஒரு தாளில் உண்மை கிடைக்கிறது, உதவ முடியவில்லை. இன்னொரு தாளில் உதவ முடியும், உண்மை கிடைப்பதில்லை. எத்தனை புள்ளிவிவரம் சேர்த்தாலும் இந்த இடைவெளி மூடாது. கேட்பவரிடம் பிள்ளைக்கு நம்பிக்கை வந்தால்தான் மூடும். தாதியருக்கு அறநெறிப் பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கு விடை இதுதான்.

ஒரு ஊழல் கற்றுக்கொடுத்த சட்டம்

ஆராய்ச்சியில் அறநெறி என்ற பேச்சு கொரியாவில் சூடுபிடித்ததற்கு ஒரு பெரிய அவமானம் காரணம். ஹ்வாங் வூ சுக் என்ற விஞ்ஞானி மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல் உருவாக்கிவிட்டதாக 2004, 2005-ஆம் ஆண்டுகளில் அறிவித்தார். நாடே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பிறகு ஆய்வு முடிவுகள் புனையப்பட்டவை என்று அம்பலமானது. அதைவிட அதிர்ச்சி, அவருடைய ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கீழே வேலை செய்த இளம் பெண் ஆராய்ச்சியாளர்களே ஆய்வுக்காகக் கருமுட்டை கொடுத்திருந்தார்கள் என்ற செய்தி.

மேலதிகாரி கேட்கும்போது கீழே இருப்பவரின் "சரி" உண்மையான சம்மதமா? கொரியர்கள் இந்தக் கேள்வியை அன்றே எழுப்பினார்கள். உயிரியல் அறநெறிச் சட்டம் 2005 தொடக்கத்திலேயே நடப்புக்கு வந்திருந்தது. பின்னர் அதை முழுமையாகத் திருத்தி 2013 பிப்ரவரியில் விரிவுபடுத்தினார்கள். கருவும் மரபணுவும் மட்டுமல்லாமல், மனிதர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து நடத்தும் ஆய்வும் அதற்குள் வந்தது. தாதியர் துறை ஆய்வுகளும் அறநெறிக் குழுவின் அனுமதி பெற வேண்டியதாயிற்று.

18 வயதுக்கு உட்பட்டவரிடம் ஆய்வு நடத்த வேண்டுமானால் சட்டப்படியான பாதுகாவலரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் தேவை. பிள்ளையைப் பாதுகாக்கும் நல்ல விதிதான். ஆனால் வீட்டில் அடி வாங்கும் பிள்ளையிடம் அதைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால்? அடிக்கும் அப்பாவிடமே கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போடும் குடும்பங்களின் பிள்ளைகள்தாம் ஆய்வுக்குள் வருவார்கள். அதிகமாகத் துன்பப்படும் பிள்ளை வெளியே நின்றுவிடும். சட்டத்தை ஒழுங்காகப் பின்பற்றினாலும் நியாயம் முழுமையாகக் கிடைத்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மதிப்பெண்ணுக்கு ஓர் அறம்

சரி, பள்ளியிலேயே அறநெறி கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் நலமாக இருப்பார்களே என்று கேட்கலாம். கொரியா அதையும் செய்து பார்த்தது.

2014 ஏப்ரல் 16-இல் செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் மாண்டார்கள். அவர்களில் 250 பேர் ஒரே உயர்நிலைப்பள்ளி மாணவர்கள். "இருந்த இடத்திலேயே இருங்கள்" என்று பிள்ளைகளுக்கு அறிவிப்புக் கொடுக்கப்பட்டது; கேப்டனோ முதலில் தப்பியவர்களில் ஒருவர். பெரியவர்களின் பொறுப்பின்மைக்குப் பிள்ளைகள் பலியான சம்பவம் அது. அந்த அதிர்ச்சியின் நடுவே நாடாளுமன்றம் பண்புநலக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. 2015 ஜூலையில் அது நடப்புக்கு வந்தது. மரியாதை, பெற்றோரைப் பேணுதல், நேர்மை, பொறுப்பு, மதிப்பு, பரிவு, கலந்துரையாடல், ஒத்துழைப்பு என்று எட்டுப் பண்புகளைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

அடுத்து நடந்தது என்ன தெரியுமா? பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பண்புநலத்தையும் கணக்கில் எடுப்பார்களோ என்ற பேச்சு கிளம்பியதும், டியூஷன் நிலையங்கள் பண்புநல வகுப்புத் தொடங்கின. தனியார் பண்புநலச் சான்றிதழ்கள் முளைத்தன. பெற்றோர்கள் அலைபாய்ந்தார்கள். பிள்ளைகளின் பாரத்தை இறக்க வந்த பாடம், இன்னொரு பாரமாகத் தலையில் ஏறும் நிலை வந்தது. சியோலில் டியூஷன் நிலையங்கள் இரவு 10 மணிக்கு மூட வேண்டும் என்று விதி போட வேண்டியிருக்கும் நாடு அது. அறநெறிப் பாடமே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மாணவர் விரும்பி எடுக்கும் பாடங்களில் ஒன்று. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த பிள்ளை, பக்கத்து மேசையில் அழும் தோழனைத் திரும்பிப் பார்க்குமா என்பதை எந்தத் தேர்வும் அளப்பதில்லை.

கற்பிப்பவர் நிலை

தாதியர் கல்வியிலும் இதே கதைதான். கொரியத் தாதியர் சங்கம் 1972-லேயே அறநெறிக் கோட்பாட்டை வகுத்தது. கல்லூரிகளில் அறநெறி பாடமாக இருக்கிறது. வகுப்புக்கு முன்பும் பின்பும் கேள்வித்தாள் கொடுத்து, மாணவியரின் அறவுணர்வு கூடியதா என்று அளக்கும் ஆய்வுகளும் நிறைய வருகின்றன. இத்தகைய ஆய்வுகளை நாம் ஒரு நிதானத்தோடு படிக்க வேண்டும். மதிப்பெண் போடும் விரிவுரையாளரே கேள்வித்தாளை நீட்டினால், "பங்கெடுக்க விருப்பமில்லை" என்று சொல்ல எத்தனை மாணவிகளுக்குத் துணிச்சல் வரும்? ஹ்வாங் ஆய்வுக்கூடத்தில் எழுந்த அதே கேள்வி இங்கேயும் எழுகிறது.

படித்து முடித்து மருத்துவமனைக்குப் போனால் அங்கே வேறு பள்ளிக்கூடம். மூத்த தாதியர் புதியவர்களை வாட்டி எடுப்பதற்குக் கொரிய மொழியில் 'தே-ஊம்' என்றே பெயர் உண்டு. எரித்தல் என்று பொருள். சாம்பலாகும்வரை எரிப்பதாம். 2018-இல் ஓர் இளம் தாதியின் மரணத்திற்குப் பிறகு இது நாடளாவிய விவாதமானது. 2019 ஜூலையில் வேலையிடப் பகடிவதைக்கு எதிரான சட்டம் நடப்புக்கு வந்தது. பல ஆண்டு போராட்டத்துக்கும் ஓர் அதிபரின் மறுப்புக்கும் பிறகு, தாதியருக்கென்று தனிச் சட்டம் 2024 ஆகஸ்ட்டில் நிறைவேறி, 2025 ஜூனில் அமலுக்கு வந்தது.

இதற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். வகுப்பறையில் பகடிவதைக்கு ஆளான பிள்ளை, வளர்ந்து தாதியாகி, வார்டிலும் அதையே அனுபவித்தால், பரிவு என்பது அவருக்கு வெறும் பாடப்புத்தகச் சொல்லாகிவிடும். தன் குரலுக்கே செவி கிடைக்காதவர், பிள்ளையின் குரலை எவ்வளவு காலம் பொறுமையாகக் கேட்பார்?

நமக்கு என்ன?

இப்போது கொரியா அடுத்த படியை எடுத்திருக்கிறது. பாட நேரத்தில் கைப்பேசியைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2026 மார்ச் மாதம் தொடங்கும் பள்ளியாண்டு முதல் அது நடப்புக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. தூக்கத்துக்கும் கவனத்துக்கும் இது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டால் மட்டும் பிள்ளை மனம் திறந்துவிடாது. கையிலிருந்து ஒன்றை எடுத்தால், பேசுவதற்கு ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டிலும் நன்னெறிக் கல்வி எஸ்.பி.எம். தேர்வுப் பாடமாக இருக்கிறது. நம் பிள்ளைகளும் நெறிகளை மனப்பாடம் செய்கிறார்கள். ஏ எடுத்தால் மகிழ்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் "பள்ளியில் உனக்கு ஏதாவது என்றால் முதலில் யாரிடம் சொல்வாய்?" என்று நம்மில் எத்தனை பேர் பிள்ளையிடம் கேட்டிருக்கிறோம்?

இன்றிரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். பிள்ளை ஒரு பெயரைச் சொன்னால் நிம்மதி. அது உங்கள் பெயராக இல்லாவிட்டாலும் கோபப்பட வேண்டாம். ஆசிரியரோ, ஆலோசகரோ, அத்தையோ, யாரோ ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிது. ஒரு பெயரும் வரவில்லை என்றால், பரீட்சை முடிவைவிட அதுதான் நாம் கவலைப்பட வேண்டிய விடை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கூரை, கழிவறை பற்றிப் பேசுவதோடு, பிள்ளை சொல்லும் ரகசியத்தைப் பள்ளி எப்படிக் காக்கிறது என்றும் கேட்கலாம்.

கொரியப் பிள்ளைகள் ஆண்டுதோறும் திரையிடம் சொல்லும் உண்மையை, ஒரு மனிதரிடம் சொல்லும் நாள் வர வேண்டும். நம் பிள்ளைகளுக்கும் அதேதான்.

(மனம் சோர்ந்திருப்பவர்கள் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணில் பேசலாம்.)