ஆள் பிடிக்கும் கங்காணிகள் யார்?

1982 மே 19-ந் தேதி சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் துப்பாக்கி வெடித்தது. மோதிக்கொண்டவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரே இயக்கத்தில் இருந்த ஈழத் தமிழர்கள். போலீஸ் பிடித்தது, கோர்ட் ஜாமீனில் விட்டது. அன்று அவர்கள் பின்னால் இருந்தவை சிறு குழுக்களே. அடுத்த ஆண்டு கடந்ததும் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் அந்தக் குழுக்களைத் தேடி ஓடினார்கள். அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த கங்காணி யார்?

கொழும்பு சர்க்கார்தான்! 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்றது. 1970-களில் 'தரப்படுத்தல்' என்று சொல்லித் தமிழ் மாணவனுக்குப் பல்கலைக்கழகக் கதவை ஒடுக்கிற்று. 1983 ஜூலை 23 இரவு புலிகள் 13 சிப்பாய்களைக் கொன்றனர். அதற்குப் பழியாக, ஒரு பாவமும் அறியாத தமிழ் ஜனங்கள் கொழும்பு வீதிகளில் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் மாண்டனர். கொன்றவர்களுக்குத் தண்டனை உண்டா? இல்லை! நியாயம் செத்த இடத்தில் துப்பாக்கிக்காரன் பேச்சு எடுபட்டது. டில்லி சர்க்காரும் தன் அரசியல் கணக்குக்காக அந்தக் குழுக்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது.

போன வாலிபன் கதி என்ன? தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த கங்காணியை நம் பாட்டன்மார் அறிவார்கள். போகும்போது தேன்மொழி, போன பிறகு திரும்ப வழி கிடையாது. இங்கும் அதே கதைதான். துப்பாக்கி முதலில் சொந்தச் சகோதரனையே சுட்டது. 1986-ல் டெலோ தலைவர் சிறீ சபாரத்தினம் புலிகளால் கொல்லப்பட்டார். 1990 ஜூன் 19-ல் ஈ.பி.ஆர்.எல்.எப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கோடம்பாக்கத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டனர். கடைசியில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று வன்னியின் ஏழைக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைப் பிடித்துப்போனார்கள். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. விடுதலை வந்ததா? பிணங்கள்தான் குவிந்தன.

இது கடலுக்கு அப்பால் நடந்ததுதானே என்று இருந்துவிடலாமா? நம் மில் நகரமான கோவையைப் பாருங்கள். 1997 நவம்பரில் ஒரு போலீஸ்காரர் கொலை செய்யப்பட்டார். தொடர்ந்து நடந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14-ல் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் போயின. குண்டு வைத்தவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவன் ஜனங்களின் விரோதி. ஆனால் நீதி கிடைக்காத ஒவ்வொரு சாவும் அவன் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் என்பதை மறக்கமாட்டோம்.

"சட்டத்தை இறுக்கு!" என்று முதலாளிப் பத்திரிகைகள் கூக்குரலிடுகின்றன. 1985-ல் தடா வந்தது. 76,000 பேருக்கு மேல் உள்ளே தள்ளப்பட்டனர். குற்றம் ருசுவானவர்கள் மிகச் சிலரே. 1995-ல் அது காலாவதியாயிற்று. 2002-ல் பொடா வந்தது, 2004-ல் ரத்தாயிற்று. ஒரு நிரபராதியைப் பல வருஷம் சிறையில் அடைத்தால், அவன் தம்பியிடம் ஆள் பிடிப்பவனுக்கு வேலை சுலபமாகிறது. சட்டமே கங்காணி ஆகிறது!

ஆகவே நாம் கேட்பது இதுதான்: கலவரக்காரன் எந்த மதமானாலும், காக்கிச் சட்டையே போட்டிருந்தாலும், தண்டனை கொடு. விசாரணையின்றிச் சிறையில் வைக்காதே. படித்த வாலிபனுக்கு வேலை கொடு.

நமக்கும் கடமை உண்டு, தோழர்களே! தெருமுனையில் தனித்து நிற்கும் வாலிபனைத்தான் கங்காணி தேடி வருகிறான். அவன் வருமுன் நாம் போக வேண்டும். அந்த வாலிபன் நெஞ்சிலுள்ள கோபம் நியாயமானது; அதற்குச் சங்கத்தில் இடம் கொடுப்போம். கூலி கேட்டு மில் வாசலில் இந்துவும் முஸ்லிமும் தோளோடு தோள் நிற்கட்டும். வயல் வரப்பில் சேரியும் ஊரும் ஒன்றாகக் குரல் கொடுக்கட்டும். ஆயிரம் பேரோடு நின்று உரிமையை வென்றவனுக்கு, இருட்டில் குண்டு சுமக்கும் எண்ணம் வராது.

ஆள் பிடிப்பவனுக்கு ஆள் கிடைக்காமல் செய்வோம்!